வீட்டுக்குள் டவர் கிடைக்கவில்லையா? பூஸ்டர் வாங்கும் முன் இதையெல்லாம் செய்து பாருங்கள்

பெங்களூருவில் 30க்கு 40 அடி சைட்டில் சுவரோடு சுவர் ஒட்டி நாலு மாடி எழுப்பிய தெருக்களில், கிரவுண்ட் ஃப்ளோரில் குடியிருப்பவர்களுக்கு இது பழகிப்போன தொல்லை. வாசலில் டவர் முழுதாக இருக்கும், படுக்கையறைக்குள் நுழைந்தால் பேச்சு பாதியில் அறுந்துவிடும். ராமமூர்த்தி நகரில் எங்கள் வீட்டிலும் இதே கதைதான். இப்போது சரியாகிவிட்டது. எந்த வரிசையில் செய்தால் காசு வீணாகாது என்பதற்காக எழுதுகிறேன்.

1. முதலில் அளந்து பாருங்கள்

திரையில் தெரியும் கோடுகளை நம்பாதீர்கள். எத்தனை கோடு காட்டுவது என்பதை ஒவ்வொரு ஃபோன் கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைத்திருக்கிறது. எண்ணைப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், அபவுட் ஃபோன், சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் சிக்னல் அளவு டிபிஎம் (சிக்னல் வலுவை அளக்கும் அலகு) கணக்கில் இருக்கும். ஐஃபோனில் *3001#12345#* டயல் செய்தால் வரும் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி என்ற வரியைத் தேடுங்கள், அதுவும் இதே சிக்னல் அளவுதான்.

எண் மைனஸில் இருக்கும். -90 என்றால் நல்ல சிக்னல். -100க்குப் பக்கத்தில் சுமார். -110ஐத் தாண்டினால் பேச்சு தடுமாறும், -120 வந்தால் கதை முடிந்தது. 10 குறைந்தால் சிக்னலின் வலு பத்தில் ஒரு பங்காகிறது என்று பொருள். அதனால் ஹாலில் -98, உள்ளறையில் -112 என்பது சின்ன வித்தியாசம் இல்லை. ஒவ்வொரு அறையிலும் ஒரு நிமிடம் நின்று குறித்துக்கொள்ளுங்கள். இந்தச் சீட்டு பின்னால் தேவைப்படும்.

மொட்டை மாடியிலேயே டவர் இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த ஆன்டெனாக்கள் அலையைப் பக்கவாட்டில்தான் வீசும். நேர் கீழே இருப்பவருக்கு விளக்கடி இருட்டுதான்.

2. வைஃபை காலிங்

டவருக்குப் பதிலாக வீட்டு வைஃபை வழியாகவே சாதாரண கால் பேசும் வசதி இது. வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் பெரும்பாலும் இதோடு வேலை முடிந்துவிடும். ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இதைக் கொண்டுவந்தன. தனிக் கட்டணம் கிடையாது, தனி ஆப்பும் வேண்டாம். சிம் செட்டிங்ஸில் வோல்ட்டீ, அதாவது 4ஜியிலேயே கால் பேசும் வசதி, ஆன் ஆகியிருக்க வேண்டும், அதன் பக்கத்திலேயே வைஃபை காலிங் இருக்கும். இரண்டு சிம் போட்டிருந்தால் இரண்டுக்கும் தனித்தனியாக ஆன் செய்ய வேண்டும்.

ஆன் செய்தாயிற்று, அப்புறமும் கால் கட்டாகிறதா? என்னை ரொம்ப நேரம் உட்கார வைத்தது இந்த இடம்தான். -112 சிக்னலாக இருந்தாலும் ஃபோன் அதையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும், வைஃபைக்கு மாறாது. சில ஃபோன்களில் காலிங் பிரிஃபரன்ஸ் என்று ஒன்று இருக்கும், அதில் வைஃபைக்கு முதலிடம் கொடுங்கள். அது இல்லாவிட்டால் ஏரோப்ளேன் மோட் போட்டு, வைஃபையை மட்டும் திரும்ப ஆன் செய்து, யாருக்காவது பேசிப் பாருங்கள். கால் போனால் எல்லாம் சரியாக இருக்கிறது, டவரைப் பிடித்துத் தொங்குவதுதான் பிரச்சினை. வீட்டில் இருக்கும் நேரம் அப்படியே ஏரோப்ளேன் மோடில் விட்டுவிடலாம். எங்கள் வீட்டில் அம்மாவின் ஃபோன் ராத்திரி முழுக்க அப்படித்தான் இருக்கிறது.

கால் போகவில்லை என்றால் அடுத்த சந்தேகம் ரௌட்டர். நண்பர் ஒருவரின் ஹாட்ஸ்பாட்டில் இணைந்து இதே சோதனையைச் செய்யுங்கள். அங்கே வேலை செய்து உங்கள் வைஃபையில் செய்யவில்லை என்றால், ஃபோன் மேல் பழியில்லை. வைஃபை காலிங் ஐபிசெக் என்ற பூட்டிய பாதையில் போகிறது. அதற்கு ரௌட்டரில் யுடிபி 500, 4500 என்ற இரண்டு போர்ட்டுகள், அதாவது டேட்டா போகும் வாசல்கள், திறந்திருக்க வேண்டும். ரௌட்டர் பக்கத்தில் ஐபிசெக் பாஸ்த்ரூ என்பதை ஆன் செய்யுங்கள். புரியாவிட்டால் நெட் ஆளிடம் இந்த இரண்டு எண்களைச் சொன்னால் போதும். ஃபோனில் விபிஎன் ஓடினால் அதையும் நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

வைஃபையே உள்ளறைக்கு எட்டவில்லையா? எக்ஸ்டென்டர் எனக்குப் பிடிக்காது, வேகம் பாதியாகிவிடும். லேன் கேபிள் இழுத்து, பழைய ரௌட்டர் ஒன்றை உள்ளே ஆக்சஸ் பாயின்ட்டாக, அதாவது வைஃபை மட்டும் வீசும் பெட்டியாக, வைப்பதே மேல்.

3. பூஸ்டர் வேண்டாம்

வெளியில் வரும் சிக்னலைப் பெருக்கி வீட்டுக்குள் விடும் பெட்டிதான் பூஸ்டர். ஆன்லைனில் விற்கிறார்கள், இங்கே எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டிலும் கிடைக்கலாம். ஆனால் அனுமதி இல்லாமல் தனியார் பூஸ்டர் வாங்கி மாட்டுவது இந்தியாவில் சட்டவிரோதம். உங்கள் வீட்டில் சிக்னல் ஏறும், தெருவில் மற்றவர்களுக்குக் குலையும். அதை விடுங்கள்.

4. சிம் கம்பெனி மாற்றுவது

ஊரில் எது பெஸ்ட் என்று கேட்காதீர்கள், உங்கள் படுக்கையறையில் எது பெஸ்ட் என்று பாருங்கள். வீட்டுக்கு வரும் விருந்தாளிகளின் ஃபோனைக் கடன் வாங்கி, முதலில் எழுதிய சீட்டில் அதே அறைகளில் அளந்து குறியுங்கள். கம்பெனிகளின் தளத்தில் கவரேஜ் மேப் இருக்கிறது, ஆனால் அது தெருவைத்தான் காட்டும், உங்கள் சுவரைக் காட்டாது.

அலைவரிசை குறைவாக இருந்தால் சுவரை நன்றாக ஊடுருவும். ஜியோவின் 850, ஏர்டெல்லின் 900 மெகாஹெர்ட்ஸ் உள்ளே வரும் அளவுக்கு 2300 வராது. 5ஜியில் பரவலாக ஓடும் 3300 இன்னும் மோசம். 5ஜி வந்து வந்து போனால், வீட்டில் நெட்வொர்க்கை 4ஜிக்கு மாற்றிப் பாருங்கள்.

மாறுவது என்று முடிவானால், ஆங்கிலத்தில் போர்ட் என்று டைப் செய்து ஒரு இடம் விட்டு உங்கள் நம்பரைச் சேர்த்து 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். பதிலாக வரும் கோடைப் புதுக் கம்பெனியிடம் கொடுக்க வேண்டும், அது 4 நாள்தான் செல்லும். இப்போதைய கம்பெனியில் 90 நாள் ஆகியிருக்க வேண்டும். மிச்சமிருக்கும் பேலன்ஸ் கூட வராது, அதனால் ரீசார்ஜ் முடியும் தறுவாயில் செய்வது லாபம்.

பின்சேர்ப்பு

இதைப் படித்தவர்கள் கேட்டதில் இரண்டு. ஊர் நம்பரை, அதாவது தமிழ்நாடு சர்க்கிள் நம்பரை, கர்நாடகாவுக்கு மாற்றலாமா? மாற்றலாம், நம்பர் மாறாது. ஒரே சர்க்கிளுக்குள் 3 வேலை நாள் என்றால் இதற்கு 5. சமீபத்தில் தொலைந்த சிம்முக்கு மாற்று வாங்கியிருந்தால், 7 நாள் கழித்துத்தான் கோட் வரும். 2024 ஜூலையிலிருந்து இந்த விதி.

இன்னொன்று கரண்ட். பெங்களூருவின் மின்சாரக் கம்பெனி பெஸ்காம் கட் செய்தால் ரௌட்டரும் போய்விடும், அதோடு வைஃபை காலும். ரௌட்டருக்கென்றே 12 வோல்ட் மினி யுபிஎஸ் இருக்கிறது. அடாப்டரில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து வாங்குங்கள். ஆனால் தெருமுனையில் இருக்கும் நெட்காரர் பெட்டிக்கே பேட்டரி இல்லையென்றால் உங்கள் யுபிஎஸ் சும்மாதான் மினுக்கிக்கொண்டிருக்கும். அவரிடம் கேட்டுவிட்டுக் காசைச் செலவழியுங்கள்.