ட்வைனில் உங்கள் முதல் எழுத்து விளையாட்டு: வரைவிலிருந்து போட்டி வரை

எழுத்தை மட்டும் நம்பி விளையாட்டு செய்பவர்களுக்காக 1995 முதல் ஆண்டுதோறும் நடக்கிறது ஐஎஃப்காம்ப் என்ற இணையப் போட்டி. விளையாடுபவர்களே நடுவர்கள், 1 முதல் 10 வரை மதிப்பெண் போடுவார்கள். முதல் இரண்டு மணி நேரம் விளையாடிப் பார்த்ததை வைத்தே மதிப்பெண் தர வேண்டும் என்பது விதி. அதனால் முதன்முறை செய்பவர்கள் இருபது நிமிடத்தில் முடிகிற, ஆனால் நன்றாக முடிகிற ஒரு விளையாட்டைச் செய்யுங்கள். அரைகுறையான பெருங்காவியம் வேண்டாம்.

1. கருவி

கிறிஸ் கிளிமாஸ் உருவாக்கிய ட்வைன், வாசகர் இணைப்புகளை அழுத்தி நகரும் கதைகளைச் செய்வதற்கான கருவி; இலவசம். உலாவியிலேயே ஓடும். ஆனாலும் கணினியில் நிறுவிக்கொள்ளுங்கள். உலாவியில் எழுதினால் கதை அந்த உலாவியின் சேமிப்பில்தான் இருக்கும்; அதைத் துடைத்தால் கதையும் போய்விடும்.

2. முடிவை முதலில் எழுதுங்கள்

ஓர் உதாரணம். கலங்கரை விளக்கம் அணைந்துவிட்டது, கப்பல் ஒன்று பாறையை நோக்கி வருகிறது. விளக்கை ஏற்றினால் கப்பல் தப்பும், இல்லையென்றால் மோதும். இரண்டு முடிவுகளையும் எழுதிவிட்டால் நடுவில் என்னென்ன வேண்டும் என்பது தானாகவே தெரியும்: வாசல், எண்ணெய் அறை, படிக்கட்டு, விளக்கறை, ஒரு தீப்பெட்டி. இவ்வளவு போதும்.

3. பாசேஜ்களை இணைத்தல்

ட்வைனில் ஒவ்வொரு காட்சியும் ஒரு பாசேஜ், அதாவது ஒரு சதுரப் பெட்டி. அதை இரட்டைக் கிளிக் செய்து எழுதுங்கள்:

காற்று கதவை அறைகிறது. மேலே இருட்டு.
[[படியேறு->படிக்கட்டு]]
[[இடப்பக்கக் கதவைத் திற->எண்ணெய் அறை]]

அம்புக்குறிக்கு இடப்பக்கம் இருப்பது திரையில் தெரியும் சொல். வலப்பக்கம் இருப்பது போய்ச் சேரும் பாசேஜின் பெயர். அந்தப் பெயரில் பெட்டி இல்லாவிட்டால் ட்வைனே உருவாக்கிக்கொடுக்கும். தமிழில் எழுதினாலும் சிக்கல் இல்லை. ஆனால் ஐஎஃப்காம்பில் விளையாடுபவர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வாசிப்பவர்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

4. கையில் இருக்கும் பொருள்

புதியவர்கள் திணறுவது இங்கேதான். தீப்பெட்டியை எடுத்தவருக்கும் எடுக்காதவருக்கும் விளக்கறை வேறு மாதிரி இருக்க வேண்டும். ஒரே ஒரு பொருள்தான் என்றால் நிரல் தேவையில்லை. தீப்பெட்டியை எடுத்த பிறகு வரும் காட்சிகளைத் தனிப் பாசேஜ்களாக நகலெடுத்து, 'விளக்கறை - தீப்பெட்டியுடன்' என்பது போலப் பெயர் வையுங்கள். இரண்டு பொருள் வந்தால் ஒரே அறைக்கு நான்கு நகல், மூன்று என்றால் எட்டு. அந்தக் கட்டத்தில் நகலெடுப்பதை விட்டுவிட்டு ஹார்லோவின் செட் (ஒரு தகவலை நினைவில் வைப்பது), இஃப் (அதைப் பொறுத்துக் காட்சியை மாற்றுவது) கட்டளைகளைக் கற்றுக்கொள்ளுங்கள். ஹார்லோ என்பது ட்வைன் 2 தானாகவே தேர்ந்தெடுக்கும் கதை வடிவம், அதாவது கதையின் தோற்றத்தையும் கட்டளைகளையும் தீர்மானிக்கும் பகுதி. அதன் கையேட்டில் இரண்டுக்கும் உதாரணங்கள் உண்டு.

தேர்வுகளிலும் கவனம் வேண்டும். 'இடது', 'வலது' என்று மட்டும் கொடுத்தால் விளையாடுபவர் கண்ணை மூடிக்கொண்டுதான் அழுத்துவார். 'எண்ணெய் வாசனை வரும் கதவு', 'மேலே அலறல் கேட்கும் படிக்கட்டு' என்றால் யோசிப்பார். என்னைக் கேட்டால் எழுத்து விளையாட்டின் உயிரே இதுதான். நேரம் குறைவாக இருந்தால் வர்ணனையைக் குறையுங்கள், இதைக் குறைக்காதீர்கள்.

5. சோதனை

எல்லா வழியிலும் நீங்களே ஒருமுறை போய்ப் பாருங்கள். வேறு பெட்டிக்கு அம்பு எதுவும் கிளம்பாத பெட்டி, முடிவுக் காட்சியாக இல்லாவிட்டால், முட்டுச்சந்து. அப்புறம் கதை தெரியாத இரண்டு மூன்று பேரிடம் கொடுத்து, பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்து, எங்கே தயங்குகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

6. அனுப்புதல்

'பப்ளிஷ் டு ஃபைல்' அழுத்தினால் முழு விளையாட்டும் ஒரே எச்டிஎம்எல் கோப்பாக வரும். அதோடு விளையாட்டை முடிக்கும் வழியைச் சொல்லும் சிறு குறிப்பையும் சேருங்கள். மாட்டிக்கொண்ட நடுவருக்கு அது உதவும். ஏற்கெனவே பொதுவில் வெளியான விளையாட்டை ஐஎஃப்காம்ப் ஏற்காது என்பதால், ஆர்வத்தில் முன்னதாகவே விளையாட்டுகளை வெளியிடும் தளமான இட்ச்.ஐஓவில் போட்டுவிடாதீர்கள். கலந்துகொள்ளப் பெயர் கொடுக்க ஒரு கடைசி நாள், விளையாட்டைப் பதிவேற்ற இன்னொரு கடைசி நாள். முதலாவதைத் தவறவிட்டால் இரண்டாவதற்கு வழியில்லை. இரண்டையும் இன்றைக்கே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.