ரோபோ செய்ய முதலில் எந்த நிரல்மொழி? தொடங்குவோருக்கு ஒரு செய்முறை

சுவர் வந்தால் திரும்பிப் போகும் இரண்டு சக்கர வண்டிதான் நான் செய்த முதல் ரோபோ. அரை நிமிடம் அருமையாக ஓடும். அப்புறம் நேரே போய்ச் சுவரில் மோதும். ஆஃப் செய்து போட்டால் மறுபடி அரை நிமிடம் ஒழுங்காக ஓடும், மறுபடி மோதும். சென்சாரை மாற்றினேன், ஒயர்களை மாற்றினேன், பேட்டரியையும் மாற்றினேன். கோளாறு நிரலில் ஒரே ஒரு சொல்லில் இருந்தது. அது என்னவென்று நான்காம் படியில் சொல்கிறேன். முதல் மொழியைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு இன்றுள்ள கருத்து அங்கிருந்துதான் வந்தது.

படி 1: ரோபோவின் வேலையை ஒரே வரியில் எழுதுங்கள்

"கோட்டைப் பின்தொடரும்", "தடை வந்தால் விலகும்", "மூன்று சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் மோட்டார்) கொண்ட கை, பொருளை எடுத்து வைக்கும்". இந்த மாதிரி வேலைகளுக்கு ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு (ஒரே நிரலை ஓட்டும் சிறு சில்லு கொண்ட பலகை) போதும். கேமராவில் பார்த்து முகத்தையோ பந்தையோ அடையாளம் காண வேண்டுமென்றால்தான் லினக்ஸ் ஓடும் சிறு கணினி தேவை.

எதற்கும் இருக்கட்டும் என்று பெரியதையே முதலில் வாங்காதீர்கள். மீயொலி சென்சார், ஒலி போய்த் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது, ஒரு செ.மீ.க்கு சுமார் 58 மைக்ரோ விநாடி. லினக்ஸில் ஒரே நேரத்தில் பல நிரல்கள் ஓடும். உங்கள் பைத்தான் நிரலின் முறை வர ஒரு மில்லி விநாடி தாமதமானாலும் அளவு 17 செ.மீ. தப்பும். சென்சார் கெட்டுவிட்டது என்றே தோன்றும். மைக்ரோகன்ட்ரோலரில் உங்கள் நிரல் மட்டும்தான் ஓடுவதால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

படி 2: போர்டைப் பாருங்கள், பாதி முடிவு அங்கேயே ஆகிவிடும்

ஆர்டுயினோ ஊனோவில் (ஆர்3 வரையிலான வகைகளைச் சொல்கிறேன்) 2 கிலோபைட் ராம்தான். சிறு போர்டுகளுக்கான பைத்தான் வடிவமான மைக்ரோபைத்தான் அதில் ஏறாது, எனவே சி++ தான். 2021-ல் வந்த ராஸ்பெர்ரி பை பீக்கோவில் 264 கிலோபைட் ராம் இருக்கிறது. மைக்ரோபைத்தான், சி++ இரண்டுமே ஓடும். ஈஎஸ்பி32 போர்டிலும் அப்படியே.

படி 3: மொழியை முடிவு செய்யுங்கள்

கையில் எதுவும் இல்லாமல் புதிதாகத் தொடங்குகிறீர்களா? மைக்ரோபைத்தான். ஏற்கெனவே ஊனோ வைத்திருக்கிறீர்களா? சி++ கற்றுக்கொள்ளுங்கள், மொழிக்காக இன்னொரு போர்டு வாங்க வேண்டாம். சிறு பிள்ளைகளுக்கு ஸ்கிராட்ச் மாதிரி கட்டைகளை அடுக்கும் முறை நல்லது. ரஸ்ட் என்ற நிரல்மொழி இரண்டாவதாக இருக்கட்டும்.

மைக்ரோபைத்தானை நான் முன்னால் வைக்கக் காரணம், ஒரு வரி தட்டி என்டர் அழுத்தினால் அந்த நொடியே சர்வோ திரும்பும். கோணம் போதவில்லையா? எண்ணை மாற்றி மறுபடி என்டர். சி++-ல் ஒவ்வொரு சிறு மாற்றத்துக்கும் நிரலைத் தொகுத்து (போர்டுக்குப் புரியும் வடிவுக்கு மாற்றி), போர்டில் ஏற்றி, காத்திருக்க வேண்டும். கற்கும் காலத்தில் ஒரு மாலையில் நாற்பது முறை முயல முடிவதும் பத்து முறை முயல முடிவதும் ஒன்றல்ல.

பின்னால் பெரிய ரோபோக்களுக்கான ஆர்ஓஎஸ் 2 என்ற மென்பொருள் தொகுப்பின் பக்கம் போனாலும் பைத்தான், சி++ இரண்டுக்கும் அங்கே இடம் உண்டு. எதில் தொடங்கினாலும் கற்றது வீணாகாது.

படி 4: நேரத்தைக் கையாளக் கற்றுக்கொள்ளுங்கள் (நான் சிக்கிய இடம்)

எந்த மொழியானாலும் பயிற்சிகள் முதலில் காட்டுவது ஒரு விளக்கை மினுக்குவதைத்தான்: எரிய விடு, ஒரு விநாடி காத்திரு, அணை. சி++-ல் அதற்கு 'டிலே', பைத்தானில் 'ஸ்லீப்'. விளக்குக்கு அது போதும், ரோபோவுக்கு ஆகாது. விநாடிக்கு 40 செ.மீ. ஓடும் வண்டி அரை விநாடி தூங்கினால், 20 செ.மீ. தூரம் கண்ணை மூடிக்கொண்டு ஓடுகிறது என்று பொருள்.

அதனால் தூங்க விடாமல், ஒவ்வொரு சுற்றிலும் கடிகாரத்தைப் பார்த்து "சென்சாரைப் படிக்க நேரமாகிவிட்டதா?" என்று கேட்க வைக்க வேண்டும். ஊனோவில் 'மில்லிஸ்' என்ற கட்டளை, போர்டு தொடங்கி எத்தனை மில்லி விநாடி ஆயிற்று என்று சொல்லும். அடுத்து எப்போது படிக்க வேண்டும் என்ற நேரத்தை நான் 'இன்ட்' (முழு எண்) வகை மாறியில் வைத்திருந்தேன். ஊனோவில் இன்ட் தாங்கும் உச்சம் 32,767. மில்லி விநாடியில் அது 32 விநாடி சொச்சம்! அதைத் தாண்டியதும் எண் எதிர்மறைக்குப் புரண்டது. எதிர்மறையே இல்லாத மில்லிஸ் எண்ணோடு ஒப்பிடும்போது அதுவே மிகப் பெரிய எண்ணாகக் கொள்ளப்பட்டது. அந்த நேரம் வரவே இல்லை, வண்டி சென்சாரைப் படிக்கவே இல்லை.

தீர்வு இரண்டு பகுதி. நேரத்தை எப்போதும் 'அன்சைன்ட் லாங்' (எதிர்மறை இல்லாத பெரிய முழு எண்) வகையில் வையுங்கள். கடைசியாகப் படித்த நேரத்தைச் சேமித்து, இப்போதைய நேரத்திலிருந்து அதைக் கழித்து, வித்தியாசம் நீங்கள் வைத்த இடைவெளியை, சொல்லப்போனால் 100 மில்லி விநாடியை, எட்டிவிட்டதா என்று பாருங்கள். அந்தக் கடிகாரமே சுமார் 49.7 நாளில் பூஜ்யத்துக்குத் திரும்பும். கழித்துப் பார்த்தால் அப்போதும் கணக்கு தவறாது.

பைத்தானில் முழு எண்ணுக்கு இப்படி உச்சவரம்பு கிடையாது. ஆனால் மைக்ரோபைத்தானின் 'டிக்ஸ்_எம்எஸ்' கடிகாரமும் ஒரு கட்டத்தில் சுழன்று முதலுக்கு வரும். நேரடியாகக் கழிக்காமல் 'டிக்ஸ்_டிஃப்' பயன்படுத்துங்கள்.

படி 5: கருவிகள்

மைக்ரோபைத்தானில் நிரல் எழுத தானி (Thonny) எடிட்டர். வேறெதையும் தேட வேண்டாம். சி++-க்கு ஆர்டுயினோவின் சொந்த ஐடிஇ (நிரல் எழுதி ஏற்றும் மென்பொருள்) போதும். போர்டின் கட்டளைப்படி மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் மோட்டார் டிரைவரில் என் ஓட்டு டிபி6612-க்கு. எல்லோரும் காட்டும் எல்298என் சுமார் 2 வோல்ட்டைத் தானே தின்றுவிடும், சிறு பேட்டரிக்கு அது பெரிய இழப்பு.

பின்சேர்க்கை: இதைப் பின்பற்றியவர்கள் மாட்டிக்கொண்ட இடங்கள்

கணினியோடு இணைத்திருக்கும்போது ஓடுகிறது, கழற்றினால் ஓடவில்லை: நிரலைப் போர்டிலேயே 'மெயின்.பிஒய்' என்ற பெயரில் சேமிக்க வேண்டும். தானி சேமிக்குமிடம் கேட்கும்போது கணினியைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள்.

போர்டு கணினிக்குத் தெரியவே இல்லை: யூஎஸ்பி கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டும் செய்யும் கேபிள்களில் தரவுக் கம்பி இருக்காது.

மோட்டார் சுழலத் தொடங்கியதும் நிரல் முதலிலிருந்து ஓடுகிறது: நிரலில் தேட வேண்டாம். மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தில் மின்னழுத்தம் சரிந்து போர்டு ரீசெட் ஆகிறது. மோட்டாருக்குத் தனி பேட்டரி கொடுங்கள், இரண்டின் கிரவுண்டையும் (எதிர்முனைக் கம்பி) மட்டும் சேர்த்து இணையுங்கள்.

5 வோல்ட்டில் இயங்கும் மீயொலி சென்சாரின் எக்கோ கம்பியைப் பீக்கோவில் நேரடியாகச் செருகாதீர்கள். பீக்கோவின் பின்கள் (கம்பி செருகும் முனைகள்) 3.3 வோல்ட்டுக்கானவை. எக்கோவுக்கும் அந்தப் பின்னுக்கும் இடையே 1 கிலோஓம் மின்தடை, அதே பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 2 கிலோஓம் மின்தடை போட்டால் போதும்.