டார்க் சயின்ஸ் ஃபிக்‌ஷன் லவ் நாவலை எப்படிப் படிக்கிறது

முதல்ல முன்பக்கத்துல கன்டென்ட் வார்னிங் இருக்கான்னு பாருங்க, கடத்தல், வன்முறைன்னு போட்டிருந்தா இன்னைக்கு மனசு தாங்குமான்னு யோசிச்சுட்டு ஆரம்பிங்க. நான் ரங்கூன் பன்சோடான் தெரு பழைய புத்தகக் கடையில வாங்கின அப்படி ஒரு நாவலை கரண்ட் போன ராத்திரி மெழுகுவத்தி வெளிச்சத்துல படிச்சேன், விண்கலத்துல கதாநாயகியைப் பூட்டி வச்சவனே சாவியை அவ உள்ளங்கையில வைக்கிற இடம் வந்ததும் அப்படியே நிறுத்திட்டேன். அந்த மாதிரி இடத்துல பென்சிலால கோடு போட்டுட்டு, இப்ப இவளால வேணாம்னு சொல்லிட்டுப் போக முடியுமான்னு கேளுங்க, முடியாதுன்னா அது காதல் இல்ல, பயம், எழுத்து எவ்வளவு அழகா இருந்தாலும் சரி. கிரகம், மெஷின் பேரெல்லாம் புரியலன்னா விடுங்க, போகப்போகப் புரியும். ரொமான்ஸ்னா பெரும்பாலும் கடைசியில சேர்ந்துடுவாங்க, அதனால கடைசிப் பக்கத்தை மட்டும் எட்டிப் பாக்காதீங்க.