நியாயாதிபதிகள் 19: மனத்தை உறுத்தும் வேதாகமக் கதையை வாசிக்கும் முறை

வேதாகமத்தை ஆதியாகமத்திலிருந்து வரிசையாக வாசித்து வருகிறவர்களில் பலர் நியாயாதிபதிகள் 19-ஆம் அதிகாரத்தில் திகைத்து நின்றுவிடுகிறார்கள். எப்பிராயீம் மலைத்தேசத்து லேவியன் (வழிபாட்டுப் பணிக்குரிய லேவி கோத்திரத்தான்) ஒருவன், பென்யமீன் கோத்திரத்துக் கிபியா ஊரார் தான் தங்கியிருந்த வீட்டைச் சூழ்ந்துகொண்டபோது, தன் மறுமனையாட்டியை (முழு மனைவிக்குரிய நிலை இல்லாத துணைவியை) பிடித்து அவர்களிடம் வெளியே விட்டுவிடுகிறான். இரவு முழுவதும் வன்கொடுமைக்கு ஆளான அவள் விடியற்காலையில் வாசற்படியில் கைவைத்தபடி விழுந்து கிடக்கிறாள். அவன் அவளைப் பன்னிரண்டு துண்டாக்கி இஸ்ரவேலின் எல்லையெங்கும் அனுப்புகிறான். இது ஏன் பரிசுத்த நூலில் இருக்கிறது என்று கேட்கத் தயங்க வேண்டாம். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டே வாசியுங்கள்.

முதலில், 19 முதல் 21 வரையுள்ள மூன்று அதிகாரங்களையும் விளக்கவுரை எதையும் திறக்காமல் ஒரே மூச்சில் வாசித்துவிடுங்கள். 19-ஐ மட்டும் பிய்த்தெடுத்தால் அது வெறும் கொடூரச் செய்தியாகத்தான் தெரியும்.

அடுத்து, யார் என்ன பேசுகிறார்கள், யார் பேசவே இல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண்ணுக்குப் பெயரும் இல்லை, கதை முழுவதிலும் ஒரு சொல்லும் இல்லை. 19-ஆம் அதிகாரத்தில் கடவுளும் பேசுவதில்லை. காலையில் கதவைத் திறந்த லேவியன் அவளிடம் சொல்வது “எழுந்திரு, போவோம்” என்பது மட்டுமே. மிஸ்பாவில் கூடிய சபைக்கு முன்பாக அவன் கொடுக்கும் வாக்குமூலத்தையும் (20:4–7) நடந்த நிகழ்ச்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: கிபியாவார் தன்னைக் கொல்ல நினைத்தார்கள், அவளை அவமானப்படுத்தியதால் அவள் இறந்தாள் என்கிறானே தவிர, அவளை வெளியே விட்டது தான்தான் என்பதை மறைத்துவிடுகிறான். அவனைப் பொய்யன் என்று ஆசிரியர் எங்கும் எழுதவில்லை. ஆனால் இரண்டையும் நம் கண்முன் வைத்துவிட்ட பிறகு அதை எழுதவேண்டிய தேவையும் இல்லை. எபிரெய மூலத்தில் அவள் எப்போது இறந்தாள் என்பதுகூடச் சொல்லப்படவில்லை என்பதால், அவன் மீதான சந்தேகம் இன்னும் வலுக்கிறது.

பிறகு, பின்விளைவுகளைக் கணக்கிடுங்கள். ஒரு பெண்ணுக்கு நேர்ந்த அநியாயத்திற்காக மற்றக் கோத்திரங்கள் தொடங்கிய போர், பென்யமீன் கோத்திரத்தில் 600 ஆண்களை மட்டும் மிச்சம் வைக்கிறது. அவர்களுக்கு மனைவி தேட, யாபேஸ் கீலேயாத் என்ற ஊரை அழித்து 400 கன்னிகைகளைக் கொண்டுவருகிறார்கள். அதுவும் போதாமல் சீலோவில் நடனமாட வந்த பெண்களைத் தூக்கிச் செல்லும்படி மூப்பர்களே யோசனை சொல்கிறார்கள். அவனவன் தன் பார்வைக்குச் சரியானதைச் செய்துவந்தான் என்று புத்தகம் முடிகிறது. நடந்ததைப் பதிவு செய்வதும் அதை ஆமோதிப்பதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் வேதாகமத்தில் அரிது. பின்னாளில் ஓசியா தீர்க்கதரிசியும் கிபியாவின் நாட்களைப் பாவத்திற்கு உதாரணமாகவே நினைவுகூருகிறார் (9:9, 10:9).

கதைக்குள் அரசியலும் இருக்கலாம். முதல் ராஜாவான சவுல் பென்யமீனன், அவன் ஊர் கிபியா. எனவே சவுலுக்குப் போட்டியாக எழுந்து பின்பு ராஜாவான தாவீதின் வம்சத்தை ஆதரித்தவர்களின் கை இதில் உண்டு என்று ஆய்வாளர் சிலர் கருதுகிறார்கள். அது நியாயமான ஊகம் என்றே எனக்கும் படுகிறது.

ஆனால் இந்த முறையை எல்லா இடத்திலும் சாவியாக நீட்டாதீர்கள். 1 சாமுவேல் 15-இல் அமலேக்கியரைக் குழந்தைகளோடு கொல்லும்படி கட்டளையிடுவது கடவுளே என்று எழுதப்பட்டிருக்கிறது. அங்கே “பதிவு மட்டுமே” என்று சொல்லித் தப்ப முடியாது. இரண்டாம் நூற்றாண்டில் மார்சியோன் என்ற கிறிஸ்தவப் போதகர் பழைய ஏற்பாட்டையே தள்ளிவிட்டார். ரோமைத் திருச்சபை அவரைத்தான் விலக்கியது, நூலை அல்ல. ஆதித் திருச்சபையின் இறையியலாளர் ஓரிகன், யோசுவாவின் போர்களை மனிதன் தன் பாவங்களோடு நடத்தும் போராகப் பொருள்கொண்டார். அந்த உருவக விளக்கம் பக்திக்கு உதவலாம். கொல்லப்பட்டவர்களைப் பற்றிய கேள்விக்கு அது பதிலாகாது.

வேதபாட வகுப்பில் இந்த அதிகாரத்தை எடுப்பதானால், என்ன வரப்போகிறது என்பதை முந்தைய வாரமே அறிவித்துவிடுங்கள்; எழுந்து போக விரும்புகிறவர்களிடம் காரணம் கேட்காதீர்கள். சிறுவர் வகுப்புக்கு இது வேண்டாம்.