முதியோர் இல்லம் நடத்திய ஒருவருக்கு வாழ்க்கைக் குறிப்பு எழுதுவது எப்படி

பாளையங்கோட்டைப் பக்கம் எங்கள் சேகரத்தில் (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளில்) யாராவது காலமானால், வாழ்க்கைக் குறிப்பு எழுதும் வேலை பெரும்பாலும் என் வீட்டுக்குத்தான் வரும். தமிழ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதுதான் காரணம், வேறு தகுதி ஒன்றும் கிடையாது. கொஞ்ச காலம் முன்னால் எங்கள் அண்ணாச்சி ஒருவருக்கு எழுத வேண்டி வந்தது. கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்தவர், சபைக் கமிட்டியில் பல வருஷம் இருந்தவர், ஊர் ஓரத்தில் ஒரு முதியோர் இல்லத்தை நடத்தியவர். பெயர் சொல்லப் போவதில்லை. நோட்டீஸில் பெயர் போட்டாலே முகம் சுளிக்கிற ஆள் அவர். அவருக்காக எப்படி எழுதினேன் என்பதை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். அடக்க ஆராதனையில் வாசிப்பது வேறு, பிறகு நினைவு ஸ்தோத்திர ஆராதனைக்கு எழுதுவது வேறு. முதலாவதற்கு உங்களுக்கு ஒரு ராத்திரிதான் கிடைக்கும். வீட்டில் ஃப்ரீஸர் பாக்ஸைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களிடம் போய்க் கதை கேட்கக் கூடாது. பெற்றோர் பெயர், பிறந்த ஊர், ஞானஸ்நானம், திடப்படுத்தல் (வளர்ந்த பிறகு விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு), படிப்பு, வேலை, கல்யாணம், பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், சபையில் வகித்த பொறுப்பு. அரைப் பக்கம் போதும். மருமகன் பெயர் விட்டுப்போனால் அது பத்து வருஷம் பேசப்படும் என்பதால் பெயர்களை மட்டும் மூத்த மகளிடம் வாசித்துக் காட்டிவிடுங்கள்.

பிறந்த தேதியில் கவனம் வேண்டும். பள்ளிச் சான்றிதழில் ஜூன் மாதத் தேதி இருந்தால் சந்தேகப்படுங்கள். அந்தக் காலத்தில் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கத் தோதாக ஹெட்மாஸ்டரே ஒரு தேதி போட்டுவிடுவார். ஆலய அலுவலகத்தில் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கும், இல்லாவிட்டால் வீட்டுப் பெரிய வேதாகமத்தின் முதல் பக்கத்தில் அப்பாவோ தாத்தாவோ மையால் எழுதி வைத்திருப்பார். இன்னொன்று: 1947 செப்டம்பர் 27-க்கு முன்னால் ஞானஸ்நானம் பெற்றவரை ‘சி.எஸ்.ஐ. சபையில் ஞானஸ்நானம் பெற்றார்’ என்று எழுதாதீர்கள். தென்னிந்தியத் திருச்சபை உருவானதே அன்றைக்குத்தான்.

சரி, இனி அந்த இரண்டாவது குறிப்பு. மனுஷனை எழுத வேண்டியது இதில்தான்.

எல்லாரும் முதலில் கமிட்டிக்காரர்களிடம் போவார்கள். நான் கடைசியில்தான் போவேன். அவர்களிடம் கிடைப்பது பதவிப் பட்டியல்: செயலர், பொருளாளர், மறுபடியும் செயலர். இல்லத்தில் சமையல் செய்கிற அம்மா, ராத்திரி டியூட்டி ஆயா, மாத்திரை கடன் கொடுத்த மெடிக்கல்காரர், மாதம் ஒரு தடவை வந்து முடி வெட்டுகிறவர், ஆஸ்பத்திரிக்கு ஓடிய ஆட்டோக்காரர், இவர்களிடம் முதலில் போங்கள். இல்லத்துப் பெரியவர்களைப் பார்க்கக் காலைப் பத்து மணி வாக்கில் போவது நல்லது. குளியல், பலகாரம், மாத்திரை எல்லாம் முடிந்து பேசுகிற தெம்பில் இருப்பார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு போனால் பாதிப் பேர் தூக்கத்தில் இருப்பார்கள்.

என்ன கேட்கிறோம் என்பதில்தான் விஷயம். “அண்ணாச்சி எப்படி?” என்று கேட்டால் “தங்கமான மனுஷன்” என்பார்கள், அதோடு முடிந்தது. “காலையில வந்ததும் முதல்ல எங்க போவாரு?” என்று கேட்டுப் பாருங்கள். நான் அப்படிக் கேட்டதற்கு ராத்திரி ஆயா சொன்னது: “ஆபீஸ் ரூமுக்குப் போகமாட்டாரு டீச்சர். படுக்கையிலேயே கிடக்காங்கல்லா, அவுங்க கட்டிலுக்குத்தான் போவாரு. போர்வைய விலக்கிக் குதிகாலைப் பாப்பாரு. அப்புறம் ஒருக்களிச்சுப் படுக்க வச்சு இடுப்புக்குக் கீழ பாப்பாரு. செவந்திருந்தா விரலால அமுக்கிப் பாப்பாரு. செவப்பு மறையலைன்னா அன்னைக்கு எங்களுக்குப் பாட்டுதான்.”

இந்த நாலு வரிக்கு எத்தனை அடைமொழி ஈடாகும்? படுக்கைப் புண் தொடங்குகிற இடங்கள் குதிகால், வால் எலும்பு, இடுப்பு ஓரம். அமுக்கினால் மறையாத சிவப்புதான் முதல் அடையாளம். அதற்காகத்தான் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கச் சொல்வார்கள். அவர் இல்லத்தில் அதற்கென்றே ஒரு நோட்டு இருந்தது: கட்டில் எண், நேரம், இடதா வலதா, யார் புரட்டினார்கள், கையெழுத்து. ராத்திரி இரண்டு மணிக் கட்டத்தில் சில நாள் அவருடைய கையெழுத்தே இருக்கிறது. ‘முதியோருக்கு அரும்பணி ஆற்றினார்’ என்று எழுதுவதை விட்டுவிட்டு இந்த நோட்டைப் பற்றி எழுதுங்கள்.

சனிக்கிழமை நகம் வெட்டுகிற நாள். பெரியவர்களின் கால் நகம் கொம்பு மாதிரி தடித்துப் போயிருக்கும், சர்க்கரை உள்ளவர் என்றால் ஒரு சின்னக் கீறல்கூடப் புண்ணாகிவிடும். அண்ணாச்சி முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்து, முழங்கையால் சூடு பார்த்துவிட்டு, காலைக் கொஞ்ச நேரம் அதில் வைக்கச் சொல்வாராம். பிறகு விரல் இடுக்கெல்லாம் துடைத்து நேராக வெட்டுவார், ஓரத்தைத் தோண்ட மாட்டார். யாரையும் காலைத் தொட விடாத ஒரு ரெயில்வே ரிட்டயர்டு தாத்தா இவரிடம் மட்டும் காலை நீட்டுவாராம், எம்.ஜி.ஆரா சிவாஜியா என்ற சண்டை முடியும் வரைக்கும்.

இன்னொரு பாட்டிக்கு ஞாபகம் தப்பிவிட்டது. சாயங்காலம் ஆனால் “மாட்டைக் கட்டணும், இருட்டுது” என்று கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். புதிதாக வந்த பெண்கள் “இங்க மாடே இல்ல பாட்டி” என்று சொல்லிச் சொல்லி அழ வைத்துவிடுவார்கள். அண்ணாச்சி போய், “நான் கட்டிட்டேன் ஆச்சி, கன்னுக்குட்டியையும் கட்டியாச்சு, வைக்கோலும் போட்டாச்சு” என்பாராம். பாட்டி திரும்பி வந்து காப்பி குடிப்பாள். இதை எழுதினால் ‘ஜெபவீரர் பொய் சொன்னார் என்று வராதா?’ என்று ஒருவர் கேட்டார். நான் அதை நீக்கவில்லை. அப்படிப்பட்டவர்களிடம் அவர்கள் உலகத்துக்குள் போய்ப் பேசுவதுதான் முறை என்று மறதி நோய் பார்க்கிறவர்களே சொல்கிறார்கள்.

ஆளை அவர் காலத்தில் வைத்துக் காட்டவும் வேண்டும். இல்லாவிட்டால் அவர் எடுத்த முடிவுகளின் கனம் இன்றைய பிள்ளைகளுக்குப் புரியாது. தமிழ்நாட்டில் முதியோர் பென்ஷன் 1962-லேயே வந்துவிட்டது, மத்திய அரசின் திட்டம் 1995-ல் வந்தது. முதியோருக்கென்று தேசியக் கொள்கை 1999-ல்தான். பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்டுக் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்க வழி செய்த சட்டம் 2007-ல். அண்ணாச்சி இல்லத்தைத் தொடங்கியது இந்தச் சட்டத்துக்கு வெகு முன்னால். பிள்ளைகள் கொண்டுவந்து விட்டுவிட்டுத் தப்பான முகவரி கொடுத்துப் போனால் அப்போது லேசில் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் அவர் ஒரு விதி வைத்திருந்தார்: சேர்க்க வருகிறவர் வீட்டுக்கு முதலில் இவர் போய் ஒரு காப்பி குடித்துவிட்டு வருவார். சில கேஸில் அந்தக் காப்பியோடு சரி, பெரியவர் வீட்டிலேயே இருந்துவிடுவார். சட்டம் வந்த பிறகும் அந்த விதியை அவர் மாற்றவில்லை. ஓ.ஏ.பி. (முதியோர் பென்ஷன்) மனு எழுதிக்கொடுத்து, வி.ஏ.ஓ. ஆபீஸுக்கு நடந்து, ஆதாரில் ரேகை பதியாத விரல்களோடு மல்லுக்கட்டியதெல்லாம் தனி.

தலைமை தாங்கினார் என்று எழுத வேண்டுமானால் அவர் எதற்கு ‘இல்லை’ என்று சொன்னார் என்பதைத் தேடுங்கள். இதற்கு மட்டும் கமிட்டி மினிட் புக் உதவும். பிறந்தநாள் சாப்பாடு போட வருகிறவர்கள் பெரியவர்கள் தட்டில் கரண்டியோடு நின்று போட்டோ எடுப்பதை அண்ணாச்சி நிறுத்தினார். “சாப்பாடு போடுங்க, கூட உக்காந்து சாப்பிடுங்க, கேமரா வேண்டாம்.” நன்கொடை குறையும் என்று கமிட்டியில் சண்டை. குறையத்தான் செய்தது. அந்த மாதங்களில் இல்லத்து ஆட்களின் சம்பளத்துக்கு வீட்டு நகை வங்கிக்கு அடகு போனது என்று பின்னால் அவர் மனைவி சொன்னார்.

விசுவாசத்தையும் இப்படித்தான் எழுத வேண்டும். இல்லத்தில் பாதிக்கு மேல் இந்துக்கள், சில முஸ்லிம் பெரியவர்களும் இருந்தார்கள். சாயங்கால ஜெபத்துக்கு மணி அடிக்கும், விருப்பம் உள்ளவர்கள் வருவார்கள். சொந்தம் யாரும் வராமல் ஒருவர் இறந்தால், கிறிஸ்தவர் என்றால் நம் கல்லறைத் தோட்டம். இந்து என்றால் அவர் ஊர் முறை என்ன என்று விசாரித்து, கொள்ளி வைக்க ஆள் பார்த்து, இவர் சுடுகாட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார். இதை எழுதிவிட்டால் ‘மனிதநேயம் மிக்கவர்’ என்ற சொல் தேவைப்படாது.

வசனம் தேர்ந்தெடுக்கும்போது ‘நல்ல போராட்டத்தைப் போராடினேன்’ என்று எல்லாருக்கும் போடுகிறதைப் போட வேண்டாம். அவருடைய வேதாகமத்தை வாங்கிப் புரட்டுங்கள். இவர் வேதாகமத்தில் சங்கீதம் 71:9-க்குக் கீழே பென்சில் கோடு: ‘முதிர்ந்தவயதில் என்னைத் தள்ளிவிடாமலும், என் பெலன் ஒடுங்கும்போது என்னைக் கைவிடாமலும் இரும்.’ ஓரத்தில் ஒரு தேதி. அது அவர் மாமியார் படுக்கையில் விழுந்த மாதம் என்று பிறகு தெரிந்தது.

அந்த மாமியாரை இல்லத்தில் சேர்க்காமல் வீட்டிலேயே வைத்துப் பார்த்தார்கள். அவர் மனைவி சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். குடும்பத்தாரிடம் அவசரப்படாதீர்கள். முதல் மாதம் போகவே வேண்டாம். போனாலும் ‘அப்பா எப்படிப்பட்டவர்’ என்று கேட்காமல், “கிறிஸ்மஸ் அன்னைக்கு வீட்டுல எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க?” என்பது போலக் கேளுங்கள். அவர் மகள் உடனே சொன்னாள்: “மூணு மணிக்கு அத்தை. அப்பா அங்க பரிமாறிட்டு வரணும்லா. சின்ன வயசுல எனக்கு அந்த இல்லத்து மேலயே கோபம் வரும்.” அதைப் போடலாமா என்று அவளிடம் கேட்டேன். ஒரு நாள் யோசித்துவிட்டு, போடுங்க என்றாள். ராத்திரி எட்டரைக்குக் குடும்ப ஜெபம் மட்டும் எந்த வேலைக்காகவும் தள்ளிப்போகாதாம், ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தால் போனிலேயே ஜெபம் பண்ணுவாராம். குடும்பத்துக்கு அவர் கொடுத்ததும் கொடுக்க முடியாததும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் வாசிக்கிறவர்கள் நம்புவார்கள்.

எழுதக் கூடாததும் உண்டு. இல்லத்துப் பெரியவர்களின் பெயர், வியாதி, யார் கொண்டுவந்து விட்டார்கள் என்பதெல்லாம் வேண்டாம். விட்டுப்போன மகன் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கக் கூடும். நான் மேலே சொன்ன தாத்தா, பாட்டி விஷயங்களிலும் அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். அப்புறம் ‘ஈடு செய்ய முடியாத இழப்பு’ என்ற வரி. கூட்டத்தில் இல்லத்துப் பெரியவர்களும் வேனில் வந்து உட்கார்ந்திருப்பார்கள். நாளைக்கு நமக்கு யார் என்ற பயம் அவர்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. அந்த வரிக்குப் பதில் இனி யார் பொறுப்பு, ராத்திரி கூப்பிட்டால் யார் வருவார் என்பதைப் பெயரோடு எழுதுங்கள். ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்பதைக் குடும்பம் எதிர்பார்க்கும், ஒரு தடவை வந்தால் போதும்.

நீளம் ஐந்து நிமிஷம். நிதானமாக வாசித்தால் ஐந்நூறு வார்த்தைக்குள் வரும். பெரிய எழுத்தில் அச்செடுங்கள், குடும்பத்தில் ஒருவர் வாசிப்பதானால் தொண்டை அடைத்தால் தொடர்ந்து வாசிக்க இன்னொருவர் கையிலும் ஒரு பிரதி இருக்கட்டும்.

அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் மூன்று பேருக்கு வாசித்துக் காட்டுவேன்: மனைவி, அந்த ராத்திரி ஆயா, கணக்கு எழுதுகிறவர். ஆயா நேரங்களைத் திருத்தினாள், கணக்கர் வருஷங்களைத் திருத்தினார். அவர் மனைவி ஒரே ஒரு வரியைத்தான் அடிக்கச் சொன்னார். ‘அதிகம் பேசமாட்டார்’ என்று எழுதியிருந்தேன். “உங்ககிட்டதான் டீச்சர் பேசமாட்டாங்க, வீட்டுல வாய் ஓயாது” என்றார்.

ஒரு பிரதியை ஆலய அலுவலகத்திலும் ஒன்றை இல்லத்து மினிட் புக்கோடும் வைக்கச் சொல்லுங்கள். பளிங்குக் கல் வைக்கலாமா என்று யாராவது நிச்சயம் வருவார்கள். அந்தப் பணத்துக்கு வாட்டர் பெட்டும் பெரியவர்கள் டயப்பரும் வாங்கிக் கொடுக்கச் சொல்லலாம், இரண்டும் எப்போதும் பற்றாக்குறைதான். அக்டோபர் 1 முதியோர் தினத்தில் அந்தக் குறிப்பை மறுபடி வாசிக்க ஆசைப்பட்டால் புதிதாகச் சேர்ந்த ஆயாக்களுக்கு வாசித்துக் காட்டுங்கள், அந்தப் புரட்டிப் படுக்க வைக்கிற நோட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.