பிள்ளைகளின் உடல்நலப் பழக்கங்களில் பெரியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதின்வயதுப் பிள்ளைகளின் உணவிலோ உறக்கத்திலோ குறை தெரிந்தால், அதை அவர்களுடைய சோம்பலாகவும் பிடிவாதமாகவும் மட்டும் பார்ப்பதுதான் சென்னை வீடுகளில் நாம் செய்யும் முதல் தவறு. பெரியவர்கள் எதை மதிக்கிறார்கள், எதைக் கேலி செய்கிறார்கள், எதைப் பேசக் கூச்சப்படுகிறார்கள் என்பதைக் கவனித்தே பிள்ளைகளுடைய பழக்கங்களில் பெரும்பகுதி உருவாகிறது.

5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமாவது உடலுக்கு உழைப்புத் தர வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பத்தாம் வகுப்பு வந்ததும் பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு விட்டுக்கொடுப்பதும், மகள் வயதுக்கு வந்ததும் தெருவில் ஷட்டில் ஆடுவதை நிறுத்தச் சொல்வதும் இதற்கு நேர் எதிரானவை. பதின்வயதில், உறக்கத்தைத் தூண்டும் மெலட்டோனின் என்ற ஹார்மோனின் சுரப்பு இரவில் தாமதமாகத் தொடங்குவதால் உறக்கமும் தாமதமாகவே வரும். 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டிய பிள்ளையை டியூஷனுக்காக ஐந்து மணிக்கு எழுப்பிவிட்டுச் சோம்பேறி என்று திட்டுவது நியாயமில்லை.

பெண் பிள்ளைகளிடம் நடக்கும் தவறுகள் இன்னும் ஆழமானவை. பள்ளிக் கழிப்பறையின் நிலையை நினைத்தே தண்ணீர் குடிக்காமல், மாலையில் முக்கால் பாட்டில் தண்ணீரோடு வீடு திரும்பும் மாணவிகள் உண்டு. இந்த ஊர் வெயிலில் அது தலைவலியையும் சிறுநீர்த் தொற்றையும் கொண்டுவரும். மகளைக் கண்டிக்கும் பெற்றோர், கழிப்பறைக்குத் தண்ணீரும் தாழ்ப்பாளும் வேண்டும் என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்கத் தயங்குகிறார்கள். கேட்க வேண்டிய இடம் அதுதான்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் சுமார் 59 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது. இருந்தும், ஏழு நாளுக்கு மேல் மாதவிடாய் நீடித்தாலும், மணிக்கொரு முறை நாப்கின் மாற்ற வேண்டியிருந்தாலும், "எல்லாருக்கும் இருக்கிறதுதானே" என்று கடந்துவிடுகிறோம். இவை மருத்துவரிடம் காட்ட வேண்டிய அறிகுறிகள். பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையால் மலம் கருப்பாவதையும் இலேசாகக் குமட்டுவதையும் கண்டு பயந்து, கல்யாணமாகாத பெண்ணுக்கு எதற்கு மாத்திரை என்று நிறுத்திவிடுவதும் தவறு. சாப்பிட்ட பிறகு அதை எடுத்துக்கொண்டால் குமட்டல் குறையும். உணவோடு டீ குடித்தால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும் என்பதையும் சொல்லித்தர வேண்டும்.

கல்யாண வீடுகளில் "குண்டாயிட்டியே" என்று உறவினர் சொல்லும் ஒரு வார்த்தைக்காகக் காலை உணவை விட்டுவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த இடத்திலேயே அதைத் தடுத்துப் பேசுவது பெற்றோரின் கடமை. அதேபோல, "ஆம்பளைப் பையன் அழலாமா" என்று கேட்டு வளர்ந்த மகன், தன் மனவேதனையை வீட்டில் சொல்ல மாட்டான். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ அவனுக்குத் தெரிந்த இடத்தில் எழுதி வைப்பதில் எந்தக் குறைவும் இல்லை.

மருத்துவரிடம் அழைத்துச் சென்றால், பிள்ளையிடம் கேட்கும் எல்லாக் கேள்விகளுக்கும் நாமே பதில் சொல்லிவிடக் கூடாது. அம்மா எதிரில் சொல்ல முடியாதவை இந்த வயதில் நிறைய இருக்கும் என்பதால், மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் சில நிமிடங்கள் வெளியே உட்கார்ந்திருப்பது நல்லது.