ஆடியோ சிடியில் இடைவெளியின்றிப் பதிவு செய்தல்

ஆலாபனையும் கிருதியும் தனித்தனிக் கோப்புகளாக உள்ள ஒரு கச்சேரியைச் சிடியில் எழுதிய பின், இரண்டுக்கும் நடுவே தம்புராவின் சுருதி சட்டென அறுந்து மீண்டும் தொடங்கினால், பெரும்பாலும் எழுதிய முறையே அதற்குக் காரணம். 'ட்ராக் அட் ஒன்ஸ்' முறையில் ஒவ்வொரு ட்ராக்கின் முடிவிலும் லேசர் நிறுத்தப்படுவதால், வழக்கமாக 2 விநாடி மௌனம் நுழைகிறது. ஆகவே முழு சிடியையும் லேசரை நிறுத்தாமல் ஒரே மூச்சில் எழுதும் 'டிஸ்க் அட் ஒன்ஸ்' முறையைத் தேர்ந்தெடுத்து, இரண்டாம் ட்ராக் முதல் இடைவெளியை 0 என அமைக்க வேண்டும். முதல் ட்ராக்கிற்கு முன்னுள்ள 2 விநாடி கட்டாயமானது. அதை நீக்க முயல வேண்டியதில்லை.

அதன் பிறகும் மெல்லிய 'டிக்' ஒலி கேட்டால், கோப்புகளைத்தான் சந்தேகிக்க வேண்டும். எம்பி3 குறியாக்கம் கோப்பின் இரு முனைகளிலும் சிறிது மௌனத்தைச் சேர்த்துவிடுகிறது. ஒலித்தரம் குறையாத ஃப்ளாக் (FLAC), வேவ் (WAV) கோப்புகளில் இத்தொல்லை இல்லை. ஆனால் சிடியில் ஒலி எழுதப்படும் சிறு பகுதியான ஒரு செக்டர் 1/75 விநாடி, அதாவது 588 ஒலி மாதிரிகள் (samples) கொண்டது; கோப்பின் நீளம் இதன் மடங்காக இல்லாவிட்டால், கடைசி செக்டரின் மிச்சம் மௌனத்தால் நிரப்பப்படக்கூடும். எனவே அனைத்தையும் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் கொண்ட ஒரே வேவ் கோப்பாக இணைத்து, ட்ராக்குகள் தொடங்கும் நேரங்களைக் கியூ (CUE) என்னும் சிறு உரைக் கோப்பில் குறித்து, இமேஜ்பர்ன் (ImgBurn) போன்ற மென்பொருளால் எழுதுவதையே நான் நம்பகமான வழியாகக் கருதுகிறேன். அந்நேரங்கள் நிமிடம், விநாடி, ஃபிரேம் என்ற வரிசையில் அமையும். ஃபிரேம் என்பதும் அதே 1/75 விநாடிதான்; எண்ணிக்கை 0-இலிருந்து தொடங்குவதால் ஃபிரேம் எண் 74-ஐத் தாண்டக் கூடாது.